ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் மழையையும் பள்ளியையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. அம்மாதத்தில் மகாத்மா காந்தி சாலையிலுள்ள கணினிக் கடைகளில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடுவர். இரயில்வே பணியின் பொருட்டுத் திருநெல்வேலியிலிருந்து இந்நகருக்கு மாற்றலாகி வந்த தந்தை ஒருவரும், மத்தியப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துள்ள அவருடைய மகளும் அக்கூட்டத்தில் நிற்பதாகக் கொள்க.

கடைக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறார். "8 ஜி.பி. நினைவகம் இக்காலத்திற்குப் போதாது. 16 ஜி.பி. வாங்கிவிடுங்கள். பின்னால் வருந்த வேண்டியிராது" என்கிறார். "அப்பா, என் தோழியும் 16 ஜி.பி. உள்ளதைத்தான் வாங்கியிருக்கிறாள்" என்று மகள் மெல்லச் சொல்கிறாள். தந்தை விலைச்சீட்டைப் பார்க்கிறார், ஒன்றும் பேசவில்லை. நினைவகம் என்பது இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் மாதக் கடைசி என்பது இன்னதென்று நன்கு தெரியும். வேண்டாம் என்றால் மகளின் படிப்புக்குக் குறை வைத்தவர் ஆவோமோ என்னும் அச்சமே அவரை வாய் திறவாமல் செய்கிறது.

அந்த அச்சத்திற்கு விடை சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்லர், மகளே. கணினியைப் பயன்படுத்தப்போகிறவள் அவள். தனக்கு எவ்வளவு தேவை என்பதை அளந்து அறியும் கல்வியும் அவளிடமே உள்ளது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது முன்னோர் வாக்கு. மடிக்கணினி வாங்குவோருக்கும் அது பொருந்தும்.

நினைவகமும் சேமிப்பகமும்

அளப்பதற்கு முன் எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். கணினி விளம்பரத்தில் 8 ஜி.பி. என்று ஓர் எண்ணும் 256 ஜி.பி. அல்லது 512 ஜி.பி. என்று மற்றோர் எண்ணும் காணப்படும். முதலாவது நினைவகத்தின் அளவு. இரண்டாவது சேமிப்பகத்தின் அளவு. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் பலர்.

இவ்வேறுபாட்டைச் சாலைக் கடைத்தெருவில் காணலாம். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் அத்தெருவின் மளிகைக் கடை ஒன்றில், முன்புறம் மேசையும் பின்புறம் கிடங்கும் உண்டு. அப்போதைக்கப்போது விற்க வேண்டிய பொருள்கள் மேசைமேல் இருக்கும். மற்றவை கிடங்கில் இருக்கும். மேசையே நினைவகம், கிடங்கே சேமிப்பகம். கணினியை அணைத்தால் மேசை வெறுமையாகும்; கிடங்கிலுள்ளவை அப்படியே இருக்கும்.

மேசை மிகச் சிறிதாயின் கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் கிடங்குக்கு ஓட வேண்டும், வாடிக்கையாளர் காத்திருப்பர். நினைவகம் நிரம்பிய கணினியும் அவ்வாறே சேமிப்பகத்திற்கும் நினைவகத்திற்கும் இடையே ஓடிக் களைக்கிறது. திரை உறைந்து நிற்பதற்கு இது ஒரு பெருங்காரணம். ஆனால் மேசை எவ்வளவு பெரிதானாலும், வருகிற வாடிக்கையாளர் பத்துப் பேர் என்றால், பத்துப் பேருக்கு வேண்டிய பொருளே அதன்மேல் வைக்கப்படும். எஞ்சிய இடம் வெற்றிடமே. அவ்வெற்றிடத்தால் வணிகம் விரைவதில்லை.

கிடங்கு எங்கே உள்ளது என்பதும் கருதத்தக்கது. எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லு வகைச் சேமிப்பகம் அடுத்த அறையிலுள்ள கிடங்கைப் போன்றது. சுழலும் வட்டைக் கொண்ட பழைய வகைச் சேமிப்பகம் தெருக்கோடியிலுள்ள கிடங்கைப் போன்றது. ஆதலின் அன்றாடப் படிப்பு வேலைக்கு, பழைய வட்டுடன் கூடிய 16 ஜி.பி. கணினியைவிட எஸ்.எஸ்.டி.யுடன் கூடிய 8 ஜி.பி. கணினி பெரும்பாலும் சுறுசுறுப்பாக இயங்கும்.

இவ்வளவு நினைவகம் எதற்கு?

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. அந்நகரில் வளரும் மாணவர்க்கு விண்வெளிச் செய்திகள் புதியன அல்ல. 1969ஆம் ஆண்டு மனிதரை நிலவுக்கு வழிநடத்திய அப்பல்லோ விண்கலக் கணினியில், எழுதி அழிக்கத்தக்க நினைவகம் சுமார் 4 கிலோபைட் மட்டுமே. 8 ஜி.பி. என்பது அதைப் போல் ஏறத்தாழ 20 லட்சம் மடங்கு. நிலவுக்குச் செல்ல 4 கிலோபைட் போதுமானதாக இருக்க, பள்ளிப் பாடம் எழுத 8 ஜி.பி. ஏன் என்னும் வினா இயல்பாக எழும்.

விடை எழுத்தில் இல்லை; படத்தில் உள்ளது. இன்று பரவலாக வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் கொள்ளும். 'க' என்பதற்கு 3 பைட். 'கி' என்பது இரு குறிகளால் ஆனதால் 6 பைட். இந்தப் பாடம் முழுவதும் சேர்ந்தாலும் ஏறத்தாழ 60 கிலோபைட்டில் அடங்கிவிடும். ஆனால் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய ஒரு திரைப்படிமம், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 80 லட்சம் பைட்டுக்கு மேல் இடம் கொள்கிறது. இதுபோன்ற பாடங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அடங்கும் இடத்தை ஒற்றைப் படம் பிடித்துக்கொள்கிறது. நினைவகத்தைத் தின்பவை காணொளியும் படமும் அவற்றைச் சுமந்துவரும் இணையப் பக்கங்களும் இயங்குதளமுமே. மாணவர் எழுதும் கட்டுரை அன்று.

பதினொன்றாம் வகுப்பின் தேவை

இனி அந்த மகளின் தேவையை அளக்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில், ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் லிபர் ஆஃபிஸ் போன்ற அலுவலக மென்பொருள் பயிற்றுவிக்கப்படுகிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் கணினி அறிவியலில் பைத்தான் மொழியும் மை-எஸ்.க்யூ.எல். தரவுத்தளமும் இடம்பெறுகின்றன. பள்ளி அளவிலான பைத்தான் நிரல்கள் மிகச் சிறிதளவு நினைவகத்திலேயே இயங்கக்கூடியவை.

விண்டோஸ் 11 இயங்குதளம் 8 ஜி.பி. கணினியில் ஏறத்தாழ 3 ஜி.பி. அளவைத் தனக்கென எடுத்துக்கொள்வது வழக்கம். உலாவியில் பத்துத் தாவல்கள் திறந்திருந்தால் ஒன்றரை ஜி.பி. ஆகலாம். இணையவழி வகுப்புக்கு அரை ஜி.பி. எனவும், பைத்தானும் தரவுத்தளமும் கட்டுரைக் கோப்பும் சேர்ந்து ஒரு ஜி.பி. எனவும் தாராளமாகவே கணக்கிடலாம். மொத்தம் ஆறு ஜி.பி. ஆகிறது. திரைக்காட்சிக்கென ஒதுக்கப்படும் பங்கைச் சேர்த்தாலும் 8 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். எனவே உயர்நிலை, மேல்நிலை மாணவர் பெரும்பாலார்க்கு 8 ஜி.பி. போதும் என்பதே சரியான முடிவு.

இதற்குக் குறைவாக வாங்குவதும் தவறே. விண்டோஸ் 11 இயங்குதளத்திற்கு 4 ஜி.பி. குறைந்தபட்ச அளவாக அறிவிக்கப்பட்டுள்ளது. இயங்குவதற்கு அது போதும். பல வேலைகளை ஒருங்கே செய்வதற்குப் போதாது. சில ஆயிரம் ரூபாயைச் சேமிக்க எண்ணி அத்தகைய புதுக்கணினியை வாங்கினால், தேர்வுக்கு முந்திய இரவில் உறைந்து நிற்கும் திரையின் முன் மாணவர் பொறுமை இழப்பர். ஊதாரித்தனத்தைப் போலவே கஞ்சத்தனமும் அளவறியாமையே.

திரைப்படத் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, கைப்பேசிச் செயலி உருவாக்கம் ஆகியவற்றில் உண்மையாகவே ஈடுபடும் மாணவர்க்கு 16 ஜி.பி. பயன் தரும். பெரிய கணினி விளையாட்டுகளுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் விளையாட்டுக்கு வேண்டும் என்பவர் விளையாட்டுக்கு என்று சொல்லியே கேட்க வேண்டும். படிப்பு என்னும் பெயரால் கேட்பது, விவரம் அறியாத பெற்றோரின் அன்பைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

எதிர்காலம் என்னும் வாதம்

"இன்றைய தேவைக்கு 8 ஜி.பி. போதும், ஐந்தாண்டுக்குப் பின் என்ன செய்வது?" என்பது வலிமையான வாதம். அதனை எளிதில் ஒதுக்க இயலாது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அன்று வழங்கப்பட்டவை 2 ஜி.பி. நினைவகம் கொண்டவை. 2026ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வரசு கல்லூரி மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளோ 8 ஜி.பி. நினைவகம் கொண்டவை. பதினைந்து ஆண்டுகளுக்குள் அளவு நான்கு மடங்காகியது. ஆகவே தேவை வளரும் என்பது உண்மை.

ஆயினும் இதே எடுத்துக்காட்டு வேறொன்றையும் உணர்த்துகிறது. 2026இல் கல்லூரி மாணவர்க்கே 8 ஜி.பி. தக்க அளவெனத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க, பள்ளி மாணவர்க்கு அது போதாது என்பது பொருந்தாது. மேலும், நாளைய தேவைக்கு இன்றே பணம் கொடுப்பது ஒன்றே வழியன்று. கூடுதல் நினைவகச் சில்லைப் பின்னர் பொருத்துவதற்கு இடமுள்ள மடிக்கணினியை வாங்குவது மற்றொரு வழி. வீடு கட்டுவோர் மாடிக்குரிய அடித்தளத்தை இட்டுவைத்துப் பின்னர் மாடி எழுப்புவது போன்றது அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் எதையும் கூட்ட இயலாது. ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதல் வினா, "எத்தனை ஜி.பி.?" என்பதன்று, "பின்னால் கூட்டுவதற்கு இடம் உண்டா?" என்பதே. இடமில்லாத கணினியையே வாங்க நேர்ந்து, கல்லூரியிலும் அதனையே பயன்படுத்தும் எண்ணமும் இருந்து, விலை வேறுபாடும் குடும்பத்தால் தாங்கத்தக்கதாயின், 16 ஜி.பி. வாங்குவதில் பிழையில்லை. பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்கள், எவ்வூரிலும் எளிதில் பழுது நீக்கத்தக்க கணினியைத் தேர்வதும் நன்று.

தாங்கத்தக்கது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். பெருந்தொற்றுக் காலத்தில் கேரளத்தில் 'வித்யாஸ்ரீ' என்னும் திட்டம் அறிவிக்கப்பட்டது. குடும்பஸ்ரீ உறுப்பினர்கள் மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதங்கள் சீட்டுப் பணம் செலுத்தி, தம் பிள்ளைகளுக்கு மடிக்கணினி பெற வழிசெய்த திட்டம் அது. 15,000 ரூபாயை முப்பது பங்காகப் பிரித்தால்தான் செலுத்த இயலும் என்ற நிலையிலுள்ள வீட்டில், கூடுதலாக 5,000 ரூபாய் என்பது மேலும் பத்து மாதத் தவணை. பயன்படாத வெற்று மேசைக்காக ஒரு தாய் பத்து மாதம் பணம் கட்டுவது நியாயமா என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூஜப்புரை காட்டும் வழி

கணினிக்கேற்ற மென்பொருளைத் தேர்வது என்னும் வழியும் உண்டு. அதற்குச் சான்று தேடி வெளியூர் செல்ல வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்டு ஸ்டால்மன் அதில் பங்கேற்றார். அதன்பின் சில ஆண்டுகளில் கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி, லினக்ஸ் இயங்குதளத்தின் வழி நடைபெறத் தொடங்கியது.

நகரின் பூஜப்புரைப் பகுதியில் 'கைட்' என்று அழைக்கப்படும் மாநில அரசு நிறுவனம் உள்ளது. பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத் தொகுப்பை அந்நிறுவனம் உருவாக்கி வழங்குகிறது. உபுண்டு 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பு 2024இல் வெளியிடப்பட்டது. அலுவலக மென்பொருளும் கணிதம், ஓவியம், நிரலாக்கம் ஆகியவற்றுக்குரிய கருவிகளும் அத்தகைய தொகுப்பில் உண்டு. உபுண்டு 22.04 பதிப்புக்குப் பரிந்துரைக்கப்படும் நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே.

இதன் பயன் ஏழை வீட்டுக்கும் எட்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அதனால் அக்கா அல்லது அண்ணன் பயன்படுத்திய 4 ஜி.பி. மடிக்கணினியைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் லிபர் ஆஃபிஸ், பைத்தான், தரவுத்தளம் ஆகிய அனைத்தையும் கற்கலாம். பழைய கணினியில் கற்ற பைத்தானுக்கு மதிப்பெண் குறைவதில்லை. புதிய கணினியில் எழுதிய பிழையான நிரல் தானாகத் திருந்துவதும் இல்லை.

அளந்து பார்த்த பின்

விளம்பரமும் தோழியின் சொல்லும் அளவுகோல் ஆகா. அளக்கும் கருவி ஒவ்வொரு கணினியிலும் உள்ளது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகம் திறக்கும். லினக்ஸ் கணினியில் சிஸ்டம் மானிட்டர் என்பது உண்டு. உறவினர் வீட்டிலோ, ஆசிரியரின் இசைவுடன் பள்ளிக் கணினி அறையிலோ, தான் வழக்கமாகச் செய்யும் வேலைகள் அனைத்தையும் ஒருங்கே திறந்துவைத்து, எவ்வளவு நினைவகம் பயன்படுகிறது என்று மாணவரே பார்க்கலாம். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

கடையில் நின்ற அம்மகளும் அன்று வாங்காமல் திரும்பி, இவ்வாறு அளந்து பார்த்ததாகக் கொள்க. அடுத்த வாரம் அவள் தந்தையிடம், "அப்பா, என் வேலைக்கு 6 ஜி.பி.க்கு மேல் தேவைப்படவில்லை. எஸ்.எஸ்.டி.யோடு கூடிய 8 ஜி.பி. போதும். கூடுதல் சில்லுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குவோம்" என்று சொல்வாளாயின், அத்தந்தைக்கு மிச்சமாவது பணம் மட்டுமன்று. மகளின் படிப்புக்குக் குறை வைத்துவிட்டோமோ என்னும் அச்சமும் அவரை விட்டு நீங்கும். தன் தேவையைத் தானே அளக்கத் தெரிந்த பிள்ளையைப் பெற்றோம் என்னும் நிறைவும் உண்டாகும்.

தேவையறிந்து வாங்குவது வறுமையின் அடையாளம் அன்று, அறிவின் அடையாளம். கணினி அறிவியலின் முதற்பாடம் அதனை வாங்கும் கடையிலேயே தொடங்குகிறது.

அருஞ்சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் இயக்கும் அடிப்படை மென்பொருள்
உலாவி – இணையப் பக்கங்களைக் காண உதவும் மென்பொருள்
தாய்ப்பலகை – கணினியின் உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகை
ஊதாரித்தனம் – அளவின்றிச் செலவிடும் இயல்பு
இசைவு – சம்மதம்

சிந்தித்து விடையளிக்க

1. நினைவகத்திற்கும் சேமிப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை வேறோர் உவமையால் விளக்குக.
2. 'எதிர்காலம் என்னும் வாதம்' பகுதியில் எதிர்வாதம் எவ்வாறு ஏற்கப்பட்டு, எவ்வாறு மறுக்கப்படுகிறது?
3. கடைக்காரரின் கூற்றுக்கு ஆதரவாக ஐந்து வரிகள் எழுதுக. பின்னர் அதற்கு மறுப்பாக ஐந்து வரிகள் எழுதுக.
4. உம் வீட்டில் அண்மையில் வாங்கிய பொருள் ஒன்றைக் குறிப்பிட்டு, அது அளந்து வாங்கப்பட்டதா என்பதைப் பெற்றோருடன் உரையாடி ஒரு பத்தி எழுதுக.